விலை குறைந்த கேமராவும் எங்கள் ஊர் முகங்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நம் வீடுகளில் இருந்த சின்ன டிஜிட்டல் கேமராவுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் பழைய கேமராவைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய கேமராக்கள் 2023-ல் உலகச் சந்தைக்குச் சுமார் 17 லட்சம் போயின. 2024-ல் அது சுமார் 19 லட்சம் ஆனது. செத்துப்போச்சு என்று எல்லோரும் நினைத்த சாமான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

என்னிடம் படித்த மூன்று நான்கு பேர் இந்த மாதம் மட்டும் கேட்டுவிட்டார்கள். "சார், அந்தச் சின்னக் கேமரா நல்ல கேமராதானா? பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா?"

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம் என்பதையெல்லாம் பிறகு பார்ப்போம். மலிவான கேமரா ஒன்றை எடைபோட என்னிடம் இரண்டு கேள்விகள் உண்டு. அது யாருடைய முகத்தை எடுத்தது? எடுத்த முகம் மிஞ்சியதா?

முதலில் கட்டடங்கள், பிறகு மனிதர்கள்

நம் பக்கத்தில் கேமரா நுழைந்த கதை மதுரையிலிருந்து தொடங்குகிறது. 1858-ல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் மதுரையைப் படம் எடுத்தார். சென்னை மாகாண அரசு அவரைப் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் அவர் எடுத்த படங்களில் இருக்கின்றன. மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவில், நீண்ட நேரம் ஒளி விட்டு எடுத்தவை. அசையாமல் நின்ற தூண் விழுந்தது. நடந்துபோன மனிதர் விழவில்லை. அதனால் அந்தப் படங்களில் பார்த்தால் மதுரை ஆளரவம் இல்லாத ஊர் மாதிரி இருக்கும்.

மனிதர்களைச் சாதாரணமாக எடுக்கும் வேலை 1900-ல் தொடங்கியது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடாக் கம்பெனி பிரௌனி என்ற அட்டைப் பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. ஆறு படம் எடுக்கும் ரோல் 15 சென்ட். குழந்தைகள்கூட எடுக்கலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் வருடத்திலேயே ஒரு லட்சத்துக்கு மேல் போனது. திருப்ப வேண்டிய வளையம் கிடையாது, கணக்குப் போட வேண்டியதும் கிடையாது. வெயிலில் நின்று அமுக்கினால் படம். பிற்காலத்தில் வந்த மலிவுக் கேமராக்கள் எல்லாம் இந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகள்தான்.

அந்த வசதி நம் ஊர்களுக்கு வந்துசேர இன்னும் அறுபது வருடம் ஆனது. அதுவரை ஸ்டுடியோதான். திரைச்சீலையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு, பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. கல்யாணம் முடிந்து ஒரு தடவை, முதல் பிள்ளைக்கு மொட்டை போட்டு ஒரு தடவை. பலருக்கு வாழ்நாளில் அவ்வளவுதான். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்து அந்த ஒரு தடவைக்கும் வராத பெரியவர்கள் உண்டு.

பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வாய்ப்பு பள்ளிக்கூட குரூப் போட்டோ. அதிலும் ஒரு சங்கதி உண்டு, ஆசிரியர்களுக்குத்தான் அது தெரியும். வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் நிற்பார்கள். பிரதிக்குக் காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகள் பாதிதான் இருப்பார்கள். படத்தில் இருப்பான், ஆனால் அவன் வீட்டில் அந்தப் படம் இருக்காது. ஒரு சமயம் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். அவருடைய தம்பி காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. ஏழாம் வகுப்பு குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நின்றவனைத் தேடிக் காட்டினோம். ஸ்டுடியோக்காரர் அந்தத் தலையை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார். கண்ணும் மூக்கும் புள்ளிபுள்ளியாகத் தெரிந்த அந்தப் படத்துக்குத்தான் அந்த வீட்டில் மாலை போட்டார்கள்.

இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மலிவான கேமராவைப் பற்றிப் பேச வேண்டும்.

வைகை அணையும் கிளிக் த்ரீயும்

1959 ஜனவரி 21-ல் காமராஜர் வைகை அணையைத் திறந்து வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் அக்ஃபா கம்பெனி கிளிக் என்ற எளிய கேமராவைக் கொண்டுவந்தது. பிறகு அதே குடும்பத்தில் அக்ஃபா கிளிக் த்ரீ பரோடாவில், நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியில் தயாரானது. என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி தெரியும். 120 ரோல் போட்டால் 12 படம். வெயில் ஒரு குறி, மேகம் ஒரு குறி, அவ்வளவுதான் அதில் மாற்ற முடிந்தது. பின்னால் இருக்கும் சிவப்புக் கண்ணாடி வழியாக நம்பரைப் பார்த்துப் பார்த்துச் சுற்ற வேண்டும்.

அணைப் பூங்காவில் எடுத்த அந்தக் காலப் படங்கள் பெரும்பாலும் சதுரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நெகட்டிவே சதுரம். பெரிதாக்கக் காசில்லாதவர்கள் நெகட்டிவ் அளவிலேயே, இரண்டேகால் அங்குலத்தில், பிரிண்ட் போட்டு வாங்கிக்கொள்வார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படம். இன்றைக்கும் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சேலைக் கரை தெரிகிறது.

அதற்கான ஃபிலிமும் நம் மாநிலத்திலேயே தயாரானது என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-ல் மத்திய அரசு இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஆலையை ஊட்டியில் வைத்தார்கள். குளிர்ச்சி, தூசி குறைவு. ஃபிலிமுக்கு இரண்டும் வேண்டும். பிரான்சின் போஷே கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்தி தொடங்கியது. ஃபிலிமுக்குப் பெயர் 'இந்து', அதாவது நிலா. ஆலை இருந்த இடம் இன்றும் இந்துநகர்தான். கறுப்பு வெள்ளை ரோலும் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தன. கலர் ஃபிலிம் பெருகியதும், தாராளமயத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கு வந்ததும், புது ஆலைக்கு வாங்கிய கடன் ஏறியதும் சேர்ந்து அதை நலிந்த நிறுவனமாக்கின. 2014-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மூடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்தது.

ஒரு படம் என்ன செய்யும் என்று ஆண்டிபட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் நின்றார். அவர் இருந்ததோ நியூயார்க்கின் புரூக்ளின் ஆஸ்பத்திரியில். தொகுதிக்குள் காலடி வைக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும், சாப்பிடும் காட்சிகளை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஜெயித்தார். 'ஆள் உயிரோடு இருக்கிறார்' என்பதற்கு ஜனங்கள் கேட்ட சாட்சி படம்தான்.

ரோலில் எண்ணி எடுத்த காலம்

எண்பதுகளில் ஹாட் ஷாட் கேமரா வந்தது. 110 என்று சொல்லும் சின்ன ரோல் போடும் ரகம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் யாஷிகா எம்.எஃப்.-2 கொண்டுவந்தார்கள். ஃபிளாஷ் உள்ளேயே இருக்கும், 35 எம்.எம். ரோல். அதன்பிறகு கோடாக் கே.பி.10 வந்து கீழ்நடுத்தர வீடுகளுக்குள்ளும் கேமராவைக் கொண்டுபோனது. எல்லாமே அமுக்கினால் போதும் என்ற ரகம்தான்.

கேமராவின் விலை இறங்கியதே தவிர, படத்தின் விலை இறங்கவில்லை. ரோல் வாங்க வேண்டும், கழுவ வேண்டும், பிரிண்ட் போட வேண்டும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் காசு. அதனால் 36 படமும் தீரும்வரை ரோல் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். தீபாவளிக்குப் போட்ட ரோலில் சித்திரைத் திருவிழாவும் இருக்கும். "எல்லோரும் ஒரே இடத்தில் நில்லுங்க, ஒரே படத்தில் முடிச்சுடலாம்" என்பது சிக்கனத்தில் பிறந்த வசனம். பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள். எல்லோரும் புதுச்சட்டை போட்டிருப்பார்கள், எல்லோரும் கேமராவைப் பார்த்திருப்பார்கள். அழுக்குச் சட்டையோடு அடுப்படியில் நிற்கும் அம்மா ஒரு ஆல்பத்திலும் இருக்க மாட்டார். விசேஷம் விழும், அன்றாடம் விழாது. ஃபிலிம் காலம் நமக்கு விட்டுப்போன வரலாறு அந்த மாதிரியானது.

முகம் விடுபட்டவர்களுக்கு அரசாங்கம் ஒரு வழி செய்தது. 1993-ல் டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை வந்தது. பல பாட்டிமார்களை முதன்முதலாகக் கேமரா முன்னால் உட்கார வைத்தது அந்த அட்டைதான். அப்புறம் அவர்கள் காலமானபோது குடும்பத்தார் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடுவார்கள், பெரிதாக்கி மாலை போட. எங்கள் தெருவிலேயே நான்கைந்து வீட்டுச் சுவரில் தொங்குவது வாக்காளர் அட்டை முகம்தான். சிரிப்பில்லாத, கொஞ்சம் பயந்த முகம்.

அமுக்கினால் காசில்லை

1975-ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் ஃபிலிம் இல்லாத கேமரா ஒன்றைச் செய்தார். எடை 3.6 கிலோ. படத்தில் மொத்தமே 10,000 புள்ளிகள், அதாவது 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை டேப் கேசட்டில் பதிக்க 23 விநாடி. பார்க்க டி.வி. வேண்டும். அந்தக் குழந்தை வளர்ந்து நம் ஊருக்கு வர முப்பது வருடம் ஆனது.

2005-க்குப் பிறகு விலை இறங்கியது. கேனன் பவர்ஷாட் ஏ வரிசை, நிகான் கூல்பிக்ஸ் எல் வரிசை, கோடாக் ஈஸிஷேர் சி வரிசை, சோனி சைபர்ஷாட் எல்லாம் மதுரை, தேனிக் கடைகளில் கிடைத்தன. நான் 2009-ல் ஒன்று வாங்கினேன். 10 மெகாபிக்சல், மூன்று மடங்கு ஜூம், இரண்டு பென்சில் செல். கம்பெனிப் பெயர் வேண்டாம், அந்த விலையில் எல்லாமே ஏறக்குறைய ஒரே குணம்தான். ஓய்வு பெறும்வரை அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

வெளிச்சம் இருந்தால் அது கெட்டிக்காரக் கேமரா. காலை ஒன்பது மணி வெயிலில், விளையாட்டு மைதானத்தில், வேப்பமர நிழல் ஓரத்தில் எடுத்தால் குறை சொல்ல முடியாது. உச்சிவெயிலில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் கறுத்த மனிதரை எடுத்தால் வேட்டி பளிச்சென்று இருக்கும், முகம் இருண்டுபோகும். வெள்ளையைப் பார்த்து 'வெளிச்சம் அதிகம்' என்று கேமரா ஏமாந்து, மொத்தப் படத்தையும் குறைத்துவிடும். நம் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நிற்பார்கள். மருந்து சுலபம்: பகலிலும் ஃபிளாஷைப் போட்டு, இரண்டு மீட்டருக்குள் நின்று எடுக்க வேண்டும். முகம் வந்துவிடும்.

இருட்டுக்குள் போனால் அதன் சாயம் வெளுத்துவிடும். சக்கம்பட்டியில் ஒரு நெசவாளர் வீட்டில் தறியை எடுக்க முயன்றேன். ஜன்னல் ஒன்று, குண்டு பல்பு ஒன்று. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் நாடா ஒரு வெள்ளைக் கோடாக இழுபட்டது, நெய்பவர் கையும் கலங்கியது, சுவரெல்லாம் மணல் தூவியது போல் புள்ளி. ஃபிளாஷ் போட்டால் நூலின் மினுமினுப்பு போய்ச் சேலை அட்டை மாதிரி ஆனது.

இதற்குக் காரணம் மெகாபிக்சல் இல்லை. ஒளி விழும் பரப்பு. கிளிக் த்ரீயின் நெகட்டிவ் 56-க்கு 56 மில்லிமீட்டர். 35 எம்.எம். ரோலில் 36-க்கு 24. அந்தச் சின்ன 110 ரோலில்கூட 17-க்கு 13. டிஜிட்டல் கேமராவின் சென்சாரோ 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பில் பார்த்தால் 35 எம்.எம். ரோலுக்கு முப்பதில் ஒரு பங்கு. சின்ன வாசலில் கொஞ்சம் வெளிச்சம்தானே நுழையும்? அந்த இடத்தில் 10 மெகாபிக்சலைத் திணித்தாலும் 14-ஐத் திணித்தாலும் நெசவாளர் வீட்டு இருட்டு மாறாது. உண்மையில் ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 2 மெகாபிக்சலே போதும். மிச்சமெல்லாம் பெட்டியின் மேல் அச்சடிக்கத்தான்.

அமுக்கியதற்கும் படம் விழுவதற்கும் நடுவில் ஒரு தாமதம் வேறு. நீளம் தாண்டும் பையனை எடுத்தால் மணல்தான் விழும். பட்டனைப் பாதி அமுக்கிக் காத்திருந்து, அவன் எகிறும்போது மீதியை அமுக்கப் பழக வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஃபிளாஷ் மூன்று மீட்டர்தான் எட்டும், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் எல்லோரும் இருட்டு. அணையின் மதகைத் தூரத்தில் இருந்து இழுக்க டிஜிட்டல் ஜூமைத் தொடக் கூடாது, அது இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை. பெட்டிக்கடைச் சாதாரண செல்லைப் போட்டால் பத்துப் படத்தில் படுத்துவிடும், சார்ஜ் ஏற்றும் செல் வேண்டும்.

இத்தனை குறையையும் ஒரு தட்டில் வைக்கிறேன். அடுத்த தட்டில் ஒன்றே ஒன்றை வைக்கிறேன்: அமுக்கினால் காசில்லை. தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

காசில்லை என்றதும் எடுக்கும் ஆளும் மாறினார், எடுக்கப்படும் ஆளும் மாறினார். என் கார்டில் இருப்பவற்றைச் சொல்கிறேன். சத்துணவுக் கூடத்தில் முட்டை உரிக்கும் ஆயா. மழையில் ஒழுகும் ஆறாம் வகுப்புக் கூரை. வாரச்சந்தையில் கோழி விற்பவர் வாயில் பீடியோடு. வகுப்பில் தூங்கும் பையன். வாசலில் கோலம் போட்டு நிமிரும் அம்மா. இவற்றில் ஒன்றையும் ஃபிலிம் காலத்தில் நான் எடுத்திருக்க மாட்டேன். ஆயாவை எடுத்துக் கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நானா சார் இது?" என்றார். முகத்தை அப்போதே பார்த்துப் பிடிக்காவிட்டால் "அழிச்சுருங்க சார்" என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு முதன்முதலாக வந்தது. ஸ்டுடியோவில் அந்த உரிமை கிடையாது.

முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். இந்த மலிவுக் கேமரா யாருடைய முகத்தை எடுத்தது? அதற்கு முன் விடுபட்ட எல்லோருடைய முகத்தையும் எடுத்தது.

எடுத்தது மிஞ்சியதா?

இங்கேதான் நெஞ்சு கனக்கிறது.

மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயில் 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடியும் போட்டார்கள். அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் அந்த ரயிலை நிறுத்தினார்கள். கடைசி நாட்களில் ஆண்டிபட்டி ரயிலடிக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பலர் கையில் சின்ன டிஜிட்டல் கேமரா. பிள்ளைகளை என்ஜின் பக்கத்தில் நிறுத்தி எடுத்தார்கள். உலகத்திலேயே டிஜிட்டல் கேமரா மிக அதிகமாக விற்ற வருடமும் அந்த 2010-தான். சுமார் 12 கோடி கேமராக்கள் அந்த ஒரு வருடத்தில் சந்தைக்குப் போயின. அதற்கு அடுத்த வருடங்களில் இறக்கம். 2012 ஜனவரியில் கோடாக் கம்பெனியே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

மறுபடியும் ரயில் வந்தது 2022 மே மாதம். மே 26 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் மதுரை – தேனி ரயிலைத் தொடங்கி வைத்தார். பதினோரு வருட இடைவெளி. அன்று ரயிலடியில் ஒரு கேமராவைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லாம் கைபேசி.

அப்போது எனக்கு ஓர் ஆசை வந்தது. பழைய ரயிலின் கடைசி நாள் படங்களைத் திரட்டி, புது ரயிலின் முதல் நாள் படங்களோடு பள்ளியில் வைக்கலாம் என்று. எனக்குத் தெரிந்து அன்று படம் எடுத்தவர்கள் ஒன்பது பேரிடம் கேட்டேன். ஒருவருக்குக் கேமரா இருந்தது, கார்டு இல்லை. ஒருவருடைய படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன, கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய்விட்டது. ஒருவர் சிடியில் ஏற்றி வைத்திருந்தார், சிடி ஓடவில்லை. ஒருவரிடம் கார்டு பத்திரமாக இருந்தது, ஆனால் பழைய ரக எக்ஸ்.டி. கார்டு, அதைப் படிக்கும் கருவி கிடைக்கவில்லை. மீதிப்பேர் "எங்கேயோ இருக்கும் சார்" என்றார்கள். ஒன்பது பேரிடம் இருந்து எனக்குக் கிடைத்தது நான்கு படம். என்னுடைய படங்களை அப்போதே 4-க்கு 6-ல் பிரிண்ட் போட்டு வைத்திருந்ததால் அவை பன்னிரண்டு. ஆக மொத்தம் பதினாறு.

ஆனால் 1960-களில் கிளிக் த்ரீயில் எடுத்த அந்தச் சதுரப் படம் இரும்புப் பெட்டிக்குள் இன்றும் இருக்கிறது!

இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கார்டுக்குள் படம் மின்னேற்றமாகத்தான் இருக்கிறது, வருடக்கணக்கில் போட்டு வைத்தால் மெல்லக் கசியும். எழுதிய சிடியில் இருக்கும் சாயம் வெயிலிலும் சூட்டிலும் கெடும். இணையத்தில் ஏற்றியவையும் நிலையில்லை. அப்போது நம் பிள்ளைகள் எல்லோரும் இருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. படங்களை எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. எத்தனை பேர் எடுத்தார்கள்? காகிதத்தை மறந்து பெட்டிக்குள் போட்டுவிட்டாலும் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கார்டை மறந்துபோனால் படம் போய்விடும்.

மிஞ்சியவற்றிலும் வரலாற்று வாத்தியாரைக் குழப்பும் ஒரு கோளாறு உண்டு. செல்லைக் கழற்றிச் சில நாள் போட்டு வைத்தால் கேமராவின் கடிகாரம் பழையபடி ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். பலர் அதைத் திருத்துவதில்லை. அதனால் பல வீட்டுப் படங்களில் எல்லாமே ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி 1-ல் நடந்திருக்கின்றன: காது குத்து, மஞ்சுவிரட்டு, மாமனார் காரியம் எல்லாமே. படத்தில் இருக்கும் தேதியை அப்படியே நம்ப வேண்டாம். பின்னால் தொங்கும் காலண்டரையும் பிள்ளையின் சீருடையையும் சுவர் போஸ்டரையும் பாருங்கள்.

ஆக, வாங்கலாமா?

கேட்டவர்களுக்கு என் பதில். பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள், தாராளமாக. கைபேசி எடுக்கும் படம் இருட்டில் இதைவிட நன்றாகவே இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடுவில் அழைப்பு வராது, வீடியோ வராது. பார்ப்பதும் எடுப்பதும் மட்டும்தான் அதன் வேலை. வெளிச்சத்தைக் கவனிக்கப் பிள்ளை கற்றுக்கொள்வான். அதிக விலை கொடுக்காதீர்கள். பென்சில் செல் போடுவதாகவும் எஸ்.டி. கார்டு போடுவதாகவும் பாருங்கள், இரண்டும் இன்னும் கடையில் கிடைக்கின்றன. செல் போடும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா, லென்ஸ் தடங்கல் இல்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று சோதியுங்கள். 2006-க்கு முந்தைய கேமராவாக இருந்தால் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டை அது ஏற்காமல் போகலாம்.

புதிதாக எடுப்பதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பீரோவின் கீழ்த்தட்டில், பழைய பில்லுகளுக்கு நடுவில், அந்தக் கேமரா கிடக்கும். கார்டைக் கழற்றுங்கள். அதைப் படிக்கும் கருவி கடையில் சல்லிசாகவே கிடைக்கிறது. எக்ஸ்.டி. கார்டோ சோனியின் பழைய மெமரி ஸ்டிக்கோ என்றால் இன்றைக்கே விசாரியுங்கள், இன்னும் ஐந்து வருடம் போனால் கருவி கிடைப்பது கஷ்டம். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வேறு வீட்டில் இருக்கும் பென் டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். கேமராவிலேயே வைத்து எதையும் அழிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஐம்பது படத்தைப் பொறுக்கி ஸ்டுடியோவில் கொடுத்து 4-க்கு 6 பிரிண்ட் போடுங்கள். புதுச்சட்டைப் படங்களை விட்டுவிடுங்கள், அவை எப்படியும் இருக்கும். அடுப்படியில் நிற்கும் அம்மா, தறியில் உட்கார்ந்த அப்பா, இடித்துவிட்ட பழைய வீடு, ஒழுகிய வகுப்பறை, போய்விட்ட ரயில், இவற்றைப் பொறுக்குங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். பெயர் இல்லாத முகத்தை அடுத்த தலைமுறை தூக்கிப் போட்டுவிடும்.

2010 டிசம்பரில் ஆண்டிபட்டி ரயிலடியில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால், எவ்வளவு கலங்கியிருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள். கையில் பதினாறு இருக்கிறது. பதினேழாவதுக்குக் காத்திருக்கிறேன்.